பார்படோஸில் அரை வருடம்

நவம்பர் பிறந்ததும் முழங்கால் நோவு தொடங்கிவிடும் ரொறன்ரோவாசிகளுக்காகவே இந்த அத்தியாயம். வேலை ஓய்ந்தாயிற்று. பிள்ளைகள் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். ஊருக்குப் போய் நாலு மாதம் இருக்கலாமென்றால் அந்த நெடும்பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. புளோரிடா அலுத்துவிட்டது. இப்படிப்பட்டவர்கள்தான் கரிபியன் தீவொன்றில் குளிர்காலத்தைக் கழிக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கழிக்கலாம். ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் தாங்கள் அங்கே இருக்கப்போகும் மாதங்களைப் பற்றியே கேட்கிறார்கள். பணத்தையும் நித்திரையையும் தின்பவை அங்கே இல்லாத மாதங்கள். இந்த அத்தியாயத்தில் அவற்றுக்குத்தான் அதிக இடம்.

கரிபியனில் தீவுகள் பல. இங்கே பார்படோஸை எடுத்துக்கொள்வதற்குக் காரணங்கள் உண்டு. ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம் ஐந்து மணித்தியாலம் மட்டில். பேச்சும் எழுத்தும் ஆங்கிலம். ஸ்கோஷியா, ஆர்.பி.சி. என்று தெரிந்த பெயருள்ள வங்கிகள். 1975 முதல் ஒரு அமெரிக்க டொலருக்கு இரண்டு பார்படோஸ் டொலர் என்று நாணயம் கட்டப்பட்டிருக்கிறது. கணக்குப் பார்க்கக் கணக்கீட்டுப் பொறி தேவையில்லை. கனடிய டொலரின் மதிப்பு மட்டும் ஏறி இறங்கும். தீவின் பரப்பு 431 சதுர கிலோமீற்றர், யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாதிகூட இல்லை. சனத்தொகை மூன்று இலட்சத்துக்குள். அகலக்கோடு 13 பாகை வடக்கு, சென்னையும் ஏறத்தாழ அதே கோட்டில்தான் இருக்கிறது. ஆனால் அத்திலாந்திக்கிலிருந்து ஓயாமல் வீசும் கிழக்குக் காற்றினால் சென்னை வெக்கை இங்கே இல்லை. டிசெம்பரிலிருந்து மே வரை வறண்ட காலம். மத்தியானம் 29, 30 பாகை. இரவில் மின்விசிறி போதும்.

நாட்கணக்கு

கனடியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம். ஆறு மாதம் வரை தங்க இடம் கொடுப்பார்கள். கொடுப்பார்கள் என்பதைக் கவனியுங்கள். எத்தனை நாள் என்பதைத் தீர்மானிப்பவர் விமான நிலையத்தில் இருக்கும் குடிவரவு அதிகாரி. திரும்பும் பயணச்சீட்டும் தங்கும் முகவரியும் கையில் இருக்கட்டும். அவர் தந்த திகதியை அந்த இடத்திலேயே வாசியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்து, மூன்று மாதம்தான் தந்திருக்கிறார் என்று தெரிந்தால், தலைநகர் பிரிட்ஜ்டவுனில் குடிவரவுத் திணைக்கள வரிசையில் நின்றுதான் நீட்டிக்க வேண்டும்.

ஓய்வு பெறாமல் கணினியில் வேலை செய்பவர்களுக்கு 2020 ஜூலையில் தொடங்கிய ‘வெல்கம் ஸ்டாம்ப்’ இருக்கிறது. 12 மாத அனுமதி. ஆண்டு வருமானம் 50,000 அமெரிக்க டொலராவது இருக்க வேண்டும். கட்டணம் தனி ஆளுக்கு 2,000, குடும்பத்துக்கு 3,000 அமெரிக்க டொலர். உள்ளூரில் வேலை செய்யக்கூடாது; வெளியிலிருந்து வரும் சம்பளத்துக்கு அங்கே வருமான வரி இல்லை. நாலு மாதம் இருக்க வருபவருக்கு இது வீண் செலவு.

குடிவரவு ஒருபுறம் இருக்க, கனடாவிலும் உங்கள் நாட்களை எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். ஓஹிப் என்ற ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி அட்டை செல்லுபடியாக இருக்க வேண்டுமென்றால் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 153 நாட்கள் ஒன்ராறியோவில் இருந்திருக்க வேண்டும். அதாவது வெளியே 212 நாள் வரை. கரிபியனுக்கு நாலு மாதம், ஊரில் கல்யாணவீட்டுக்கு இரண்டு மாதம், லண்டனில் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஆறு கிழமை என்று கூட்டிப் பாருங்கள், எல்லையைத் தாண்டிவிட்டது தெரியும். ஜி.ஐ.எஸ். என்ற குறைந்த வருமானக்காரருக்கான மேலதிகக் கொடுப்பனவு எடுக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அது நின்றுவிடும். எங்கள் மூத்தவர்கள் பலருக்கு மாதச் செலவே அதில்தான் ஓடுகிறது. பார்படோஸ் பக்கமிருந்து பார்த்தால், ஒரு வரி ஆண்டில் 182 நாளைத் தாண்டினால் அங்கே வரிவதிவாளராகக் கருதப்படுவீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை இருந்துவிட்டு வருவதே வில்லங்கமில்லாத கணக்கு.

உடம்பு

பிரிட்ஜ்டவுனில் 1964இல் திறக்கப்பட்ட குயின் எலிசபெத் மருத்துவமனைதான் தீவின் பெரிய அரச மருத்துவமனை. ஊருக்கு ஊர் பொலிகிளினிக் உண்டு. அங்கே இலவசம் என்பது குடிமக்களுக்கு. நீங்கள் பணம் கட்ட வேண்டும். தனியார் மருத்துவமனையும் நல்ல வைத்தியர்களும் இருக்கிறார்கள். சீனி, பிறஷர், கொலஸ்ட்ரோல் என்ற வழக்கமான மூன்றுக்கும் தீவு போதும். சிக்கலான இருதய, மூளைச் சிகிச்சை என்று வந்தால் விமான அம்புலன்ஸில் வெளியே கொண்டுபோக நேரிடலாம். அதன் செலவு பல்லாயிரம் டொலர். வெளிநாட்டில் மருத்துவமனையில் படுத்தால் ஓஹிப் ஒரு நாளுக்குத் தருவது அதிகபட்சம் 400 கனடிய டொலர். அது பெரும்பாலும் கட்டில் வாடகைக்கே காணாது.

ஆகவே பயணக் காப்புறுதி எடுக்காமல் விமானம் ஏறக்கூடாது. எடுத்தால் மட்டும் போதாது. அந்தப் பத்திரத்தில் ‘நிலையான நோய்’ பற்றிய பந்தியை யாரையாவது கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய் புறப்படுவதற்கு முன் 90 நாளோ 180 நாளோ மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்று பல பத்திரங்கள் கேட்கும். மருந்தின் அளவு மாறினாலும் மாற்றம்தான். குறைத்தாலும் மாற்றம் என்றே சில நிறுவனங்கள் எடுக்கும். ஒக்டோபரில் குடும்ப வைத்தியர் பிறஷர் குளிசையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்குகிறார், நவம்பரில் நீங்கள் பறக்கிறீர்கள், ஜனவரியில் நெஞ்சு நோகிறது. காப்புறுதிக்காரர் முதலில் தேடுவது அந்த ஒக்டோபர் மருந்துச் சீட்டைத்தான். வருடாந்தப் பரிசோதனையை வசந்தகாலத்தில், திரும்பி வந்தவுடன் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து மாறுவதென்றால் கோடையில் மாறட்டும்.

அவசர இலக்கங்கள் மூன்று: பொலிஸ் 211, தீயணைப்பு 311, அம்புலன்ஸ் 511. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

எந்தக் கரை

மேற்குக் கரையில், ஹோல்டவுன், ஸ்பைட்ஸ்டவுன் பக்கம், கடல் குளம்மாதிரி இருக்கும். வாடகை நெஞ்சை அடைக்கும். தெற்குக் கரையில் ஹேஸ்டிங்ஸ், வேர்திங், ஒயிஸ்டின்ஸ் என்று வரிசையாக ஊர்கள். பஸ், சந்தை, மருந்துக்கடை எல்லாம் நடைதூரம். முதல்முறை வருபவருக்கு நான் எப்போதும் சொல்வது தெற்கைத்தான். கார் இல்லாமலே சீவிக்கலாம். அந்தக் கரையில் 2016 கடைசியிலிருந்து 2018 வரை கழிவுநீர்க் குழாய்த் தொகுதி பழுதாகி வீதியில் கழிவுநீர் பொங்கியது. வீடு பார்க்கும்போது கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

கிழக்கில் பாத்ஷீபாவின் அழகுக்கு ஈடில்லை. ஆனால் அது அத்திலாந்திக்கின் நேர்முகம். நீந்தக்கூடாது. உப்புத்தூவல் வீட்டுக்குள்ளேயே வரும். உள்நாட்டு மேட்டுநிலத்தில் வாடகை குறைவு, இரவில் குளிர்ச்சி, கார் மட்டும் கட்டாயம். கடற்கரைகள் எல்லாமே பொதுச்சொத்து என்பதால், கரையில் வீடு இல்லையென்றாலும் கடல் இல்லாமற்போகாது.

2011இலிருந்து இன்னொரு தலையிடி சேர்ந்திருக்கிறது, சர்காசம் என்ற பழுப்புநிறக் கடற்பாசி. அத்திலாந்திக்கிலிருந்து மேடுமேடாக வந்து பெரும்பாலும் கிழக்கிலும் தெற்கிலும் ஒதுங்கும். அழுகும்போது கூழ்முட்டை நாற்றம். அந்த வாயு மூக்கைத் தாக்குவதோடு நிற்காது, குளிரூட்டியின் செப்புச் சுருளையும் தொலைக்காட்சியின் உள்ளுறுப்பையும் அரித்துவிடும். வசந்தம் பிறந்தபின்தான் அதிகமாக வரும் என்பதால் ஜனவரியில் வீடு பார்த்தவருக்கு அது கண்ணில் படாது.

கரையோரம் சிறிய பச்சை அப்பிள்போலக் காய்க்கும் மரம் ஒன்று நிற்கும். மஞ்சனீல் என்பார்கள். காய், இலை, பால் எல்லாம் நஞ்சு. மழைக்கு அதன்கீழ் ஒதுங்கினால் சொட்டும் நீரே தோலைக் கொப்புளிக்கச் செய்யும். பல மரங்களில் சிவப்பு வளையம் பூசியிருப்பார்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் முதலாம் நாளே காட்டிக்கொடுங்கள்.

வாடகை டிசெம்பர் 15இலிருந்து ஏப்ரல் 15 வரை உச்சத்தில் நிற்கும். நீங்கள் தேடுவதும் அந்த மாதங்களையே. நவம்பர் தொடக்கத்திலிருந்து ஒப்பந்தம் போட்டால் சொந்தக்காரர் விலையில் இறங்கிவருவார். அவருக்கு நவம்பர் வெறும் மாதம். உள்ளூர்க்காரருக்கு விடும் ஆண்டு வாடகை சில இடங்களில் நாலு மாத உச்ச வாடகைக்குக் கிட்ட வரும். அப்படி அகப்பட்டால் ஆண்டு முழுவதும் எடுத்துவிடலாமா என்ற சபலம் வரும். கீழே வரும் பகுதியை வாசித்தபின் முடிவெடுங்கள்.

மின்சாரமும் தண்ணீரும்

பார்படோஸில் மின்சாரம் 115 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வட அமெரிக்க அழுத்தம், ஆனால் பிரித்தானிய அதிர்வெண். உலகில் அரிதான கூட்டு. கனடாவிலிருந்து கொண்டுபோகும் மிக்ஸி ஓடும், ஆனால் மெதுவாக, சூடேறியபடி. மின்சாரத்தின் துடிப்பை நம்பி ஓடும் பழைய மணிக்கூடு ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். லண்டன்காரர் 240 வோல்ட் கேத்திலைக் கொண்டுபோனால் தண்ணீர் கொதிப்பதற்குள் தேத்தண்ணி ஆசையே போய்விடும். கைப்பேசி, மடிக்கணினி மின்னேற்றிகளுக்குப் பிரச்சினையில்லை. ஊரிலிருந்து வந்த அரைக்கும் இயந்திரத்தை மட்டும் அங்கே செருகாதீர்கள்.

மின்கட்டணத்தில் எரிபொருளுக்கென்று ஒரு வரி தனியாக இருக்கும்; எண்ணெய் விலை ஏறினால் அதுவும் ஏறும். இரவெல்லாம் குளிரூட்டி போடுபவர்களுக்கு முதல் பில் ஒரு பாடம். வெந்நீருக்குக் கவலையில்லை. 1970களிலிருந்தே வரிச்சலுகை கொடுத்து வளர்த்ததால் சூரிய வெந்நீர்த் தொட்டி இல்லாத கூரையைத் தேடிப் பிடிக்க வேண்டும். வாடகை வீட்டில் அது இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

தண்ணீர் யாழ்ப்பாணத்தாருக்குப் பழகிய கதை. தீவின் பெரும்பகுதி முருகைக்கல். பெரிய ஆறு இல்லை. மழைநீர் கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் தங்க, அதை இறைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குடிக்கலாம், ஆனால் கடினநீர். கேத்திலில் வெள்ளைப் படை பிடிக்கும். வடக்கே சென்ற் லூசி, சென்ற் பீற்றர் பக்கங்களில் பழைய இரும்புக் குழாய்களால் மண்ணிறத் தண்ணீர் வருவதாக ஆண்டாண்டாய் முறைப்பாடு உண்டு. வறண்ட காலத்தில் தோட்டத்துக்கு இறைக்கத் தடை வரும். வீட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்பது கடல் தெரிகிறதா என்பதைவிட முக்கியமான கேள்வி.

சமையலறை

அரிசி, பருப்பு, பால்மா, கோதுமைமா எல்லாம் கப்பலில் வருபவை. பல பொருட்களுக்குமேல் 17.5 வீதம் வற் வரி. கனடாவில் சாப்பிட்டதையே அங்கேயும் சாப்பிடுவேன் என்பவருக்குச் சாமான் கடைதான் மிகப்பெரிய செலவு. உள்ளூர் மண்ணில் விளைவதைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வரும்: ஈரப்பலா, மரவள்ளி, வற்றாளங்கிழங்கு, சௌசௌ, வெண்டிக்காய், பப்பாசி. பச்சைத் துவரை கிறிஸ்துமஸ் காலத்தில் குவியும். சனிக்கிழமை காலை பிரிட்ஜ்டவுனின் சீப்சைட் சந்தைக்கோ சென்ற் ஜோர்ஜில் நடக்கும் பிரைற்றன் உழவர் சந்தைக்கோ போங்கள். பிரைற்றனுக்கு விடியப் போக வேண்டும், எட்டு மணிக்குமேல் நல்லதெல்லாம் முடிந்துவிடும். மீன் ஒயிஸ்டின்ஸில். பறவைக்கோலாதான் தீவின் தேசிய மீன், டிசெம்பருக்குப்பின் கிடைக்கும். முள் எடுத்தே தருவார்கள், எங்கள் குழம்புக்கு அது ஒரு குறை.

மசாலாச் சாமானுக்குப் பயமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்திலிருந்தும் குஜராத்தின் சூரத் பக்கத்திலிருந்தும் வந்து வீடுவீடாகத் துணி விற்ற முஸ்லிம் வியாபாரிகளின் சந்ததியினர் இன்றும் பிரிட்ஜ்டவுனில் கடை நடத்துகிறார்கள். தமிழ்க்கடை இல்லை, தமிழர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. கரிபியனுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த வரலாறு குவாதலூப், மார்ட்டினிக், கயானா, திரினிடாட் பக்கம் நடந்தது. பார்படோஸில் விடுதலையான அடிமைகளுக்கு ஒதுங்கி வாழ வெற்று நிலம் இருக்கவில்லை. அவர்கள் பழைய தோட்டங்களிலேயே கூலிக்கு நிற்க நேர்ந்ததால் துரைமாருக்கு வெளியே ஆள் பிடிக்கும் தேவை வரவில்லை. எனவே கோயில் தேர்த்திருவிழாவை எதிர்பார்த்து இங்கே வராதீர்கள்.

கறிவேப்பிலை கொண்டுபோகும் ஆசை எல்லோருக்கும் வரும். அனுமதிப் பத்திரமில்லாத பச்சை இலை, செடி, விதை எதுவும் சுங்கத்தைத் தாண்டாது. 2000ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்த ஆபிரிக்க இராட்சத நத்தையோடு இன்னும் மல்லுக்கட்டும் தீவு அது. காயவைத்த மிளகாய்த்தூளைக் கடைப் பொதியோடு கொண்டுபோங்கள், கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். வீட்டுத் தோட்டத்தில் எதை நட்டாலும் பச்சைக் குரங்குகளோடு பங்குபோட வேண்டும். அடிமைக் கப்பல்களோடு மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்தவை அவை. மாம்பழம் பழுக்கும் நாள் உங்களைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரியும்.

தெருவும் மனிதரும்

வாகனம் இடதுபக்கம் ஓடும். கனடா அனுமதிப்பத்திரத்தோடு உள்ளூரில் ஒரு வருகையாளர் அனுமதியும் வாங்க வேண்டும். வாடகைக் கார்க்காரரே எடுத்துத் தருவார். வீதிகள் ஒடுங்கியவை, இருபுறமும் கரும்பு. இறக்குமதி வரியால் பழைய காரே கண்ணைக் குத்தும் விலை. பெற்றோல் விலை தீவெங்கும் ஒன்றே; அரசு நிர்ணயிப்பது. நாலு மாதக்காரர் கார் வாங்குவது புத்தியில்லை. நீல அரச பஸ், மஞ்சள் மினிபஸ், காதடைக்கப் பாட்டுப் போட்டபடி பறக்கும் வெள்ளை ‘செட்-ஆர்’ வான் என்று மூன்றும் இருக்கின்றன. 2019இல் வைத்த கட்டணம் 3.50 பார்படோஸ் டொலர், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும். அரச பஸ்ஸில் மிச்சக்காசு தரமாட்டார்கள். தரிப்பிடப் பலகையில் நகருக்கு, நகரிலிருந்து என்று மட்டும்தான் எழுதியிருக்கும். அவ்வளவு சின்னத் தீவு.

கடைக்குள் நுழைந்ததும் “குட் மோர்ணிங்” சொல்லாமல் “இது என்ன விலை” என்று தொடங்குபவரை அங்கே பண்பில்லாதவர் என்றே எடுப்பார்கள். பஸ்ஸில் ஏறினாலும், வைத்தியரின் காத்திருப்பறையில் உட்கார்ந்தாலும் பொதுவாக ஒரு வணக்கம் வேண்டும். அலுவலகங்களில் வேலை மெதுவாக நடக்கும். சத்தம் போட்டால் இன்னும் மெதுவாகும். கடற்கரை உடுப்போடு நகருக்குள் போகக்கூடாது. இராணுவப் பச்சைப்புள்ளித் துணி சட்டப்படி குற்றம். பேரனின் காற்சட்டை என்றாலும் கழற்றச் சொல்வார்கள்.

வீட்டுக்கு ஆள் வைத்தால் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தேசியக் காப்புறுதிப் பங்களிப்பும் உங்களுக்கும் பொருந்தும். கையில் காசு கொடுத்துச் சமாளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேலைக்கு வருபவரின் முதுமைப் பென்ஷன் அது.

நீங்கள் இல்லாத மாதங்கள்

2024 ஜூன் 29, பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவலில் தென்னாபிரிக்காவை 7 ஓட்டங்களால் வென்று இந்தியா இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை எடுத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த நாட்களில் பெரில் சூறாவளி வர விமான நிலையம் மூடப்பட்டது. கிண்ணத்தோடு அணி ஹோட்டலில் அடைபட்டுக் கிடந்தது. தனி விமானம் அனுப்பி, ஜூலை 4 காலையில்தான் டெல்லி போய்ச் சேர்ந்தார்கள். உலகச் சம்பியனுக்கே அந்தக் கதி என்றால் ஆறு மணிச் செய்தியை ரொறன்ரோவில் பார்த்துவிட்டுப் போய் யன்னல் பூட்டலாம் என்று நினைக்கும் வீட்டுக்காரர் எம்மாத்திரம்?

சூறாவளிக் காலம் ஜூன் 1இலிருந்து நவம்பர் 30 வரை. ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை உச்சம். பார்படோஸ் மற்றத் தீவுகளின் வரிசையை விட்டுக் கிழக்கே தள்ளி நிற்பதால் பல புயல்கள் வடக்கே திரும்பிப் போய்விடும். 1955இல் ஜனெற் அடித்தபின் அறுபது ஆண்டுக்கு மேல் நேரடி அடி இல்லை. அந்த நம்பிக்கையில் கூரைகளைக் கவனிக்காமல் இருந்தவர்களை 2021 ஜூலை 2 அன்று எல்சா எழுப்பியது. மிகக் குறைந்த வகைச் சூறாவளிதான். ஆனாலும் நூற்றுக்கணக்கான கூரைகள் போயின. பெரில் தெற்கே விலகிப் போயும் கடல் எழுந்து மீன்பிடி வள்ளங்களை நொறுக்கியது. அதே 2021 ஏப்ரலில் மேற்கே சென்ற் வின்சென்றில் லா சூப்ரியர் எரிமலை வெடித்தபோது சாம்பல் வந்து பார்படோஸை மூடியது. எரிமலையே இல்லாத தீவில் சாம்பல் அள்ளினார்கள். கூரையில் சாம்பல் கிடக்க மழை பெய்தால் அது சீமெந்துபோல் இறுகிப் பீலியை அடைக்கும். இதையெல்லாம் செய்ய வீட்டில் ஒரு ஆள் வேண்டும். உங்கள் வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு.

புயல் வராத ஆண்டிலும் வீடு சும்மா இருப்பதில்லை. ஈரக்காற்றில் அலுமாரிக்குள் சேலைகளில் பூஞ்சை பிடிக்கும். பட்டையும் தோற்பொருளையும் அங்கே வைத்துவிட்டு வராதீர்கள். உப்புக்காற்றில் பிணைச்சல், பூட்டு, குளிரூட்டியின் வெளிப்பெட்டி துருப்பிடிக்கும். கழுவுதொட்டிக் குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர் காய்ந்தால் அந்த வழியே கரப்பானும் நாற்றமும் ஏறிவரும்; புறப்படும்போது ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் தண்ணீர் காயாது. தண்ணீரை வீட்டுக்கு வெளியே மானிக்குப் பக்கத்தில் மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டியைக் கழுவித் துடைத்துக் கதவைத் திறந்தே விட்டு வாருங்கள். காருக்கு மின்கலத் தொடுப்பைக் கழற்றிவிடுங்கள். முற்றத்தில் வாளி, பூச்சாடித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை எதுவும் வாய்திறந்து கிடக்கக்கூடாது. தீவில் டெங்கு உண்டு, நுளம்பு உங்கள் முற்றத்தில் பெருகினால் கடிபடுவது அயலவர்.

பராமரிப்பாளர் ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். “பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்” என்பது நடைமுறையில் சரிவராது. புயலன்று அவருக்குத் தன் கூரை பெரிது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து யன்னல் திறந்து, குழாய் ஓடவிட்டு, படம் எடுத்து அனுப்ப வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் யன்னல் தடுப்புகளைப் பூட்ட வேண்டும். என்ன வேலை, எவ்வளவு கூலி என்பதை எழுத்தில் வையுங்கள். செலவுக்கு ஒரு தொகை அவர் கையில் இருக்கட்டும். கூரைத்தகடு பறந்தபின் ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்பும்வரை மழை பொறுத்திராது.

வீட்டுக் காப்புறுதியில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் இருந்தால் பாதுகாப்புக் குறையும் என்ற பந்தி. பாதிக்கால வீட்டுக்காரருக்கு அதுவே குழி. முன்கூட்டியே எழுதி அறிவித்து ஒப்புதல் வாங்குங்கள். இரண்டாவது, சூறாவளிக்கான கழிவுத்தொகை. சேதத்தின் அளவைப் பார்த்து அல்ல, காப்புறுதி செய்த முழுத்தொகையின் வீதமாக அதைக் கணக்கிடுவார்கள். 2 வீதம் வழக்கம். ஐந்து இலட்சத்துக்குச் செய்த வீட்டில் முதல் பத்தாயிரம் உங்கள் பை. மூன்றாவது, குறைத்துக் காட்டிய பெறுமதி. கட்டணம் மிச்சம் பிடிக்கப் பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தால் சேதத்திலும் பாதிதான் தருவார்கள். இதைக் கேட்டதும் ஏமாற்று என்று கொதிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஏமாற்றல்ல, பத்திரத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது.

மறுபுறம், நீங்கள் அங்கே இருக்கும்போது ஸ்காபரோ வீடும் ஆளில்லாத வீடு. குளிரில் குழாய் வெடித்தால் அங்கேயும் இதே பந்தியைக் காட்டுவார்கள். சாவு, சடங்கு என்று திடீர்த் தொலைபேசி வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பெப்ரவரியில் அடுத்த நாளைக்கே இரண்டு இருக்கை வேண்டுமென்றால் சொன்ன விலைதான். அதற்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வையுங்கள்.

வாங்குவதென்றால்

வெளிநாட்டவர் நிலமும் வீடும் வாங்கத் தடையில்லை. ஆனால் பணம் வெளிநாட்டு நாணயமாக உள்ளே வந்து, மத்திய வங்கியில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவுக் கடிதம் இல்லையென்றால் நாளைக்கு விற்ற காசை வெளியே எடுப்பது பெரும்பாடு. விற்பவர் 2.5 வீதம் கைமாற்று வரியும் 1 வீதம் முத்திரைத் தீர்வையும் கட்டுவார். வாங்குபவருக்கு வழக்கறிஞர் கூலி, நில அளவை, அதன்பின் ஆண்டுதோறும் நிலவரி. வாடகைக்கு விட்டுச் செலவைச் சமாளிக்கலாம் என்று முகவர் சொல்வார். நீங்கள் இருக்கும் மாதங்கள்தான் வாடகை வரும் மாதங்கள். உங்களுக்கு மிஞ்சுவது செப்டெம்பர். கனடா வரிப் படிவத்திலும் ஒரு விடயம் உண்டு. ஒரு இலட்சம் கனடிய டொலருக்கு மேல் செலவான வெளிநாட்டுச் சொத்துக்கு ரி 1135 படிவம் நிரப்ப வேண்டும்; பெரும்பாலும் சொந்தப் பாவனைக்கான வீடு அதில் விலக்கு. வருமானத்துக்காக விடத் தொடங்கினால் அந்த விலக்கு கைநழுவலாம், வாடகை வருமானத்தையோ எப்படியும் கனடாவில் காட்டவேண்டும். கணக்காளரை வீடு வாங்குவதற்கு முன் பாருங்கள்.

என் கணிப்பைக் கேட்டால், வருடத்தில் ஐந்து மாதத்துக்குக் குறைய இருப்பவருக்குச் சொந்த வீடு நட்டம். வாடகைக்கே இருங்கள். அதையும் மீறி மனம் கேட்கவில்லையென்றால், குளிர்காலத்தில் பார்த்துப் பிடித்த வீட்டை ஒருமுறை செப்டெம்பரில் போய்ப் பாருங்கள்: மழையில் கூரை, அழுகும் பாசியில் கடற்கரை, பூட்டிய வீட்டின் உள்மணம். பிறகும் பிடித்திருந்தால் விற்பவரின் வழக்கறிஞரையே உங்களுக்கும் வைத்துக்கொள்ளாமல், தனியாக ஒருவரை அமர்த்தி உறுதியைத் தேடச் சொல்லுங்கள். அவர் சரி என்று எழுதித் தரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.